தலையாட்டி ஏற்றிய சரக்கு

கிடர்பூரில் கப்பல்களுக்கு மளிகை ஏற்றும் கடையில் வேலை செய்கிறேன். முதலாளியைத் தாதா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே வங்காளத்தில் அது அண்ணன் என்று அர்த்தம், யாரும் பயப்பட வேண்டாம். கப்பல்காரர்களிடம் பேசுவது அவர் வேலை. பெட்டி கட்டுவது என் வேலை. எனக்கு அதுவே நிம்மதி.

அன்று அவருக்குக் காய்ச்சல். அன்றைக்குப் பார்த்து, இந்தோனேசியக் கப்பலின் சமையல்காரர் பட்டியலோடு வந்து நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மதியம் ஆற்றில் தண்ணீர் ஏறியதும் லாக் கேட் என்னும் துறைமுக மதகு திறக்கும், கப்பல் போய்விடும். தாதாவுக்குப் போன் போட்டேன்.

"எதுக்குப் பயப்படறே? அவங்க வார்த்தையில பாதி போர்த்துகீசியர் விட்டுட்டுப் போனது. நம்ம ஜானாலா, ஆல்மாரி எல்லாம் அதே சரக்குதான். உங்க தமிழ்லயும் ஜன்னல், அலமாரின்னு இருக்கு. சும்மா தலையாட்டு, புரிஞ்சுடும்."

அது பலித்தது. புழுக்கம் தாங்காமல் அவர் "ஜெண்டேலா" என்றதும் ஜன்னலைத் திறந்தேன். "மேஜா" என்று மேசையைத் தட்டினார். "நானாஸ்" என்றதற்கு அன்னாசி டின்னை எடுத்தேன். இருவரும் சிரித்தோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் படிக்கப் படிக்கத் தலையாட்டினேன், டிக் போட்டேன். "தெரிகு" என்று நாலு விரலைக் காட்டியதற்கும்தான்.

கைவண்டியோடு சமையல்காரரும் நானும் துறைமுக வாசலை நெருங்கியபோதுதான் அந்த டிக் நினைவுக்கு வந்தது. தெரிகு என்றால் என்ன? கேட்க வாய் வரவில்லை. கேட்காவிட்டால் ஒரு கப்பல் ஆட்கள் ஊர் போய்ச் சேரும்வரை எதுவோ இல்லாமல் கிடப்பார்கள். வண்டியை நிறுத்தி, பட்டியலில் அந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கைவிரித்தேன்.

அவர் முகம் மாறியது. காற்றில் மாவு பிசைந்தார். "ரொட்டி! ரொட்டி!"

கோதுமை மாவு. தெரிகுவும் போர்த்துகீசிய வார்த்தைதான் என்று தாதா பிறகு சொன்னார். கோதுமை விளையாத ஊருக்கு மூட்டையோடு பெயரும் போயிருக்கிறது. நம்மிடம் கோதுமை முன்பே இருந்ததால் இங்கே அந்தப் பெயர் இறங்கவில்லை போலும்.

வண்டிக்காரர், "தலையாட்டினப்ப எங்கே போச்சு புத்தி, தாதா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வண்டியைக் கடைப்பக்கம் திருப்பினார்.

நாலாவது மூட்டை கயிற்றில் மேலே போனபோது கப்பல் கிளம்ப ஆயத்தமாகிவிட்டது. சமையல்காரர் கப்பலின் ஓரக் கம்பியில் சாய்ந்து ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. "புரியல," என்று தமிழிலேயே கத்தினேன். அவர் சிரித்துவிட்டு, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.