கழுத்தைத் திருப்பும் பறவை

1984-ஆம் ஆண்டு லுவா குளத்தில் இறங்கினாள். இன்னும் கரையேறவில்லை என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. கணவன் வடக்கு எல்லைப் போரில் செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவன் பிங் தோய் ஊர்ச் சபையில் தண்ணீர்ப் பொம்மலாட்டக்காரன்; குளத்துக்குள் நின்று, தண்ணீருக்கடியில் நீளும் கழியால் பொம்மைகளை ஆட்டுகிறவன். சபையில் ஆள் குறைந்துபோனதால், அவன் ஆட்டிய பறவைப் பொம்மையை இனி யார் கையில் கொடுப்பது என்று ஆண்கள் கூடிப் பேசினார்கள். பிங் தோய் ஊரில் பிறந்த பெண்களுக்கு அந்த வித்தையைச் சொல்லித்தருவதில்லை. பெண் நாளைக்கு வேறு ஊருக்கு வாழப் போவாள், வித்தையும் அவளோடு போய்விடும். மருமகள் அப்படியல்ல, வந்தவள் இங்கேயே இருப்பாள். அந்தக் கணக்கில்தான் லுவாவுக்கு இடம் கிடைத்தது. சேவல் ரத்தம் கலந்த அரிசிச் சாராயத்தைக் குடித்து, ஊர் வாசலுக்கு வெளியே ஒரு வார்த்தை போகாது என்று சத்தியம் செய்தாள்.

அவள் கைக்கு வந்தது பெண் பீனிக்ஸ் பறவை. அத்தி மரத்தில் செதுக்கி, அரக்குப் பூசி, தங்க வர்ணம் தீட்டிய உடம்பு. ஆற்றின் இரு கரையிலும் எத்தனையோ சபைகள் பீனிக்ஸ் ஜோடியை ஆட்டுகின்றன. ஆனால் கழுத்தைத் திருப்பித் தன் துணையைப் பார்க்கிற பறவை பிங் தோய் சபையிடம் மட்டும்தான் உண்டு. எப்படித் திரும்புகிறது என்ற ரகசியம் அதன் வயிற்றுக்கடியில் இருக்கிறது. அக்கரை அம் ஹா சபைக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்ள மூன்று தலைமுறையாகத் தவிக்கிறார்கள். மீன் பிடிக்கிற சாக்கில் ஒருவன் குளத்தில் முங்கி மாட்டிக்கொண்ட கதையை இக்கரையில் குழந்தைகள்கூடச் சொல்லும்.

பல வருடம் கழித்து, அந்த அம் ஹா ஊரிலிருந்துதான் தொவான் வந்தான்.

வாத்து வளர்ப்பவன். மனைவியை இழந்தவன். படகில் வாத்துக்குஞ்சுக் கூடைகளை ஏற்றிக்கொண்டு வந்து இக்கரையில் விற்பான். லுவா ஒரு கூடை வாங்கினாள். அதன்பிறகு குஞ்சுகள் தீவனம் எடுக்கின்றனவா, இறகு முளைத்துவிட்டதா என்று விசாரிக்க அடிக்கடி வர ஆரம்பித்தான். லுவாவின் மாமியார் நெப் கிழவி வெற்றிலையை மென்றபடி ஒரு நாள் கேட்டேவிட்டாள்: “ஏம்ப்பா, வித்த வாத்துக்கு உடம்பு சரியில்லையான்னு வாரத்துக்கு ரெண்டு தடவை ஆத்தைத் தாண்டி வர்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன். வாத்து நல்லாத்தான் இருக்கு. உனக்கு என்ன?”

தொவான் காது சிவந்து போய், துடுப்பைக் கரையிலேயே மறந்துவிட்டுப் படகில் ஏறி, அதை எடுக்கத் திரும்பி வந்தான்.

லுவா சிரித்தாள். ஆனால் அவள் மனசு அவன்பக்கம் சாய்ந்தது அதனால் இல்லை. மூங்கில் தட்டிக்குப் பின்னால், இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்டுகிறவளுக்குப் பறவையின் முதுகுதான் தெரியும். இத்தனை வருடத்தில் அது கழுத்தைத் திருப்புவதை அவள் எதிரே நின்று பார்த்ததே இல்லை. ஒரு திருவிழா முடிந்த மறுநாள் தொவான் சொன்னான்: “நீ அதோட கழுத்தைத் திருப்புறப்போ, யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. கூட்டமே மூச்சு விடல, தெரியுமா?” அவளுக்குத் தெரியாது. இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

1999-இல் அவன் பெண் கேட்டான். நெப் கிழவிக்கு முழுச் சம்மதம். “என் பிள்ளை திரும்பி வரப்போறதில்லை. நீ ஏன் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கணும்?” என்று மருமகளிடம் சொன்னாள். சிக்கல் சபையில் இருந்தது. வேற்றூர்க்காரனைக் கட்டினால் பறவையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் விதி. அதைக் கேட்டதும் தொவான் யோசிக்கவே இல்லை. “அப்ப நான் இங்க வந்துடறேன். வீட்டோட மாப்பிள்ளையா.”

சபைத் தலைவர் லாம் பெரியவர் அப்போதும் சரி என்று சொல்லவில்லை. திருவிழா விருந்துக்கு வரச் சொல், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

லுவாவுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. அவன் வேண்டும், பறவையும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் மாதத் திருவிழா அன்று பொழுது சாய, ஊர் மண்டபத்து முற்றத்தில் பாய்கள் விரித்தார்கள். ஒரு தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர். செக்கச்செவேலென்ற ஒட்டரிசிச் சோறு, எலுமிச்சை இலையை மெலிதாக நறுக்கித் தூவிய வேகவைத்த கோழி, மூங்கில் குருத்துச் சாறு, இறைச்சி வைத்துப் பொரித்த சுருள்கள், நடுவில் எல்லோரும் தொட்டுக்கொள்ள ஒரே கிண்ணத்தில் உப்புக் கரிக்கும் மீன் சாறு. தொவான் கொண்டுவந்த இரண்டு வாத்துகள் சமையல்காரர்கள் கையில் இருந்தன, ஆட்டம் முடிந்ததும் கஞ்சியாகும். அவன் கொண்டுவந்த இன்னொன்று லாம் பெரியவரின் முழங்கால் அருகே இருந்தது. சிவப்புத் துணி மூடிய வெற்றிலை பாக்குத் தட்டு. பெரியவர் அதைத் தொடவில்லை.

அந்தத் தாம்பாளத்தில் லுவாதான் இளையவள். மற்றவர்களைப் பேர் சொல்லி உபசரித்த பிறகுதான் அவள் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுக்கலாம். “லாம் பெரியப்பா, சாப்பிடுங்க. தாவ் அண்ணே, சாப்பிடுங்க...” வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் தொவானிடம் வந்ததும், என்ன முறை சொல்லி அழைப்பதென்று தெரியாமல் நின்றாள். பக்கத்துப் பாய்களிலும் பேச்சு நின்றது.

ஆண் பீனிக்ஸை ஆட்டுகிற தாவ் விடுவானா? “என்னம்மா, பாட்டு பாதியில நின்னுடுச்சு? இன்னொரு ஆள் உக்காந்திருக்காரே, அவருக்குப் பசிக்காதா?”

“வாத்துக்காரரே, சாப்பிடுங்க” என்றாள் லுவா.

முற்றம் முழுக்கச் சிரிப்பு. தாவ் தொவானுக்குச் சாராயம் ஊற்றினான். “எங்க ஊர்ல பொண்டாட்டி வீட்டுக்குக் குடிவர்ற ஆம்பளைக்கு எங்க படுக்கை போடுவாங்கன்னு தெரியுமா? வாத்துக் கொட்டாய்ல.”

“பழக்கப்பட்ட இடம்தான் அண்ணே. வாத்துங்க உங்களைவிடக் கம்மியாத்தான் சத்தம் போடும்.”

இதற்கு நெப் கிழவி அடுத்த பாயிலிருந்து கைதட்டினாள். லாம் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. கோழித் துண்டு ஒன்றை எடுத்துத் தொவானின் கிண்ணத்தில் வைத்தார்.

“உன்னைக் குத்தம் சொல்லல தம்பி. நல்லவன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆனா உங்க அண்ணன் யாரு? அம் ஹா சபையில மேளம் அடிக்கிறவன். வருஷப் பொறப்புக்கு அவன் வீட்டுக்குப் போகாம இருப்பியா? போவே. சாராயம் ஊத்துவான். நாலு கிண்ணம் உள்ள போனா நாக்கு யார் பேச்சைக் கேக்கும்?”

“தெரியாத விஷயத்தை எப்படிங்கய்யா உளற முடியும்? நான் கேக்கவே மாட்டேன்.”

“ஒரே வீடு. ஒரே பாய். கேக்காமலே தெரிஞ்சிடும்.” பெரியவர் எழுந்தார். “ஆட்டம் முடியட்டும். அப்புறம் பேசலாம்.”

தட்டு மூடியபடியே கிடந்தது.

குளத்து நடுவே ஓடு வேய்ந்த கூடம். அதன் முன்பக்கத்தை மூங்கில் தட்டி மறைத்திருக்கும். பின்பக்கம் ஒரு கதவு, அதிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் படிகள். வெளியாள் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. சபைக்காரர்கள் உள்ளே போய், குளிர் ஏறாமலிருக்க ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் கெட்டி மீன் சாற்றைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார்கள். உப்பு தொண்டையில் எரிந்தது. லுவா கழியைப் பிடித்தபோது விரல்கள் அதற்குள் விறைத்திருந்தன.

மேளம் முழங்கியது. கரையெங்கும் கூட்டம். அக்கரையிலிருந்தும் படகு படகாக வந்திருந்தார்கள். தட்டியின் இடுக்கு வழியாக லுவா பார்த்தாள். முன்வரிசையில் தொவான், அவன் பக்கத்திலேயே அவன் அண்ணன், கழுத்தை ஒட்டகம்போல நீட்டிக்கொண்டு.

முதலில் லாம் பெரியவரின் கோமாளி பொம்மை வந்து ஊராரைக் கும்பிட்டது. பிறகு நெருப்புக் கக்கும் நாகங்கள், எருமைமேல் சிறுவன். நரி வாத்தைத் துரத்தும் காட்சியில், “ஐயோ, அந்தப் பக்கம் ஓடு!” என்று ஒரு குரல் தன்னை மறந்து கத்தியது. யாருடைய குரல் என்று லுவாவுக்குத் தெரியும். அந்தக் குளிரிலும் சிரிப்பு வந்தது.

அதன்பின் பீனிக்ஸ் ஜோடி. லுவாவும் தாவும் பறவைகளைச் சுற்றவிட்டார்கள். நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி. லுவா கழுத்துக் கயிற்றை இழுத்தாள். கூட்டம் மூச்சடக்கியது. இந்த முறை அவளும் கவனித்துக் கேட்டாள். உண்மைதான், ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த சுற்றில் கழி சட்டென்று லேசாயிற்று. தண்ணீருக்கடியில் பறவையைக் கழியோடு பிணைக்கும் மர ஆணி உடைந்திருந்தது. கயிறு உருவிக்கொண்டு வந்து கையில் துவண்டது. பறவை தன்பாட்டுக்கு முன்னே போனது. காற்று அதைக் கரைப்பக்கம் தள்ளியது. கூட்டம் ஏதோ புது வித்தை என்று நினைத்துக் கைதட்டியது. ஆனால் கழியின் பிடி இல்லாத பறவை ஒருபக்கமாகச் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் வயிறு மேலே வந்துவிடும். அதற்கு நேர் எதிரே அம் ஹா சபையின் மேளக்காரன் உட்கார்ந்திருந்தான்.

தட்டிக்குப் பின்னால் யாரும் வாய்திறக்கவில்லை. தண்ணீர் பேச்சைக் கரைவரை கொண்டுபோய்விடும். வெளியே ஓடிப்போய் எடுக்கவும் முடியாது, ஆட்டத்தின் நடுவே ஆட்டுகிறவன் கூட்டத்துக்கு முகம் காட்டியதில்லை. லுவா லாம் பெரியவரைப் பார்த்தாள். விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் வெளிறியிருந்தது.

தொவான் குளத்தில் குதித்தான்.

வழிதவறிய வாத்தைப் பிடிக்க இறங்குகிறவன் போலத்தான் இறங்கினான். யோசித்து இறங்கியதாகத் தெரியவில்லை. பறவை அவன் கைக்கு எட்டும்போது, அவன் உடம்பின் மறைவில் புரண்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. முகத்தைச் சட்டென்று வானத்துக்குத் திருப்பிக்கொண்டான். அப்படியே சட்டையைக் கழற்றினான். கண் மேலேயே இருக்க, கைகளால் தடவிப் பறவையின் மேல் சட்டையைப் போட்டுச் சுற்றினான்.

“டேய் தொவான்!” கரையிலிருந்து அண்ணனின் குரல். “அதைக் கொஞ்சம் இப்படித் திருப்புடா! ஒரு நிமிஷம்! அண்ணன் சொல்றேன்ல!”

தொவான் பறவையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையை அண்ணாந்தபடி, குருடன்போலக் காலால் தரையைத் தடவித் தடவிக் கூடத்தைச் சுற்றி நடந்தான். ஒரு பள்ளத்தில் கால் இடறித் தாடைவரை மூழ்கினான். அப்போதும் குனியவில்லை.

மேடை காலியாகக் கிடந்தது. அப்போது லாம் பெரியவரின் கோமாளி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. “ஊராரே, பயப்படாதீங்க! எங்க வீட்டுப் பொண்ணு கொஞ்சம் அவசரக்காரி. நாங்க வெத்தலை எடுக்கறதுக்குள்ள தானே கிளம்பிட்டா!” கூட்டம் வெடித்துச் சிரித்தது. கோமாளி இடுப்பை ஆட்டியது. “கவலை இல்லை. மாப்பிள்ளை பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றாரு!”

மாப்பிள்ளை.

தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கழியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

லுவா பின்கதவுக்குப் போனாள். தொவான் கதவுக்கு முதுகைக் காட்டிப் படியில் நின்றிருந்தான். சட்டை சுற்றிய பறவையைப் பின்புறமாக நீட்டிக்கொண்டிருந்தான். வெற்று முதுகு நடுங்கியது.

“யாராவது வாங்கிக்குங்க. நான் திரும்பல” என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். “நான்தான்” என்று கிசுகிசுத்தாள்.

“ஓ.” அப்போதும் திரும்பவில்லை. “ரெக்கை ஓரம் எதுலயோ இடிச்சிருச்சு. நான் பாக்கல, கைக்குத் தெரிஞ்சது. பெருசா இல்லையே?”

“இல்லை. உங்க சட்டை?”

“அதோடயே இருக்கட்டும். எனக்குப் பழக்கம்தான், குளிரெல்லாம்...” பல் கிட்டித்து மிச்சம் வரவில்லை.

லுவா தன் மீன் சாற்றுக் கிண்ணத்தைக் குடுவையிலிருந்து நிரப்பி, அவன் தோளுக்கு மேலாக நீட்டினாள். அவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இருமினான்.

வேறு ஆணி அடித்து, பீனிக்ஸ் ஜோடியை மறுபடி விட்டார்கள். அன்று கழுத்துக் கயிற்றை லுவா வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தாள்.

ஆட்டம் முடிந்து தட்டியைத் தூக்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கூட்டத்தைக் கும்பிட்டபோது, முன்வரிசையில் தொவானுடைய அண்ணனின் இடம் காலியாக இருந்தது. நெப் கிழவி தன் சால்வையைத் தொவானுக்குப் போர்த்தி, அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

முற்றத்தில் வாத்துக் கஞ்சியில் ஆவி பறந்தது. லாம் பெரியவர் ஈர உடையோடு வந்து பாயில் உட்கார்ந்தார். சிவப்புத் துணியை விலக்கினார். ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“பாக்கு கொஞ்சம் முத்தல்” என்றார். “அம் ஹா ஊர்ப் பாக்கு எப்பவும் இப்படித்தான்.”

“இனிமே இந்த ஊர்லயே வாங்கறேங்கய்யா” என்றான் தொவான்.

லுவா குச்சியைத் தொடாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொருவராக உபசரித்தாள். பெரியப்பா, அண்ணன், மாமியார். கடைசியாக அவனிடம் வந்தாள். தாவ் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

“என்னங்க, சாப்பிடுங்க” என்றாள்.

ஐந்தாம் மாத அறுவடை முடிந்ததும், தொவான் தன் வாத்துகளை ஆற்றில் நீந்தவிட்டு, பின்னாலேயே படகை ஓட்டிக்கொண்டு இக்கரைக்கு வந்து சேர்ந்தான்.