கத்தரிப்பூ நிறத்துக் கொக்கு

தண்ணீரைக் குடித்து முடித்ததும் சந்தியோகு கிளாசைக் கீழே வைப்பதில்லை. அடியைத் திருப்பி வெயிலுக்குப் பிடிக்கிறார். பெருவிரல் நகத்தால் விளிம்பிலிருந்து அடிவரைக்கும் மெல்ல இழுக்கிறார். நகம் ஒரு கோட்டில் தட்டுப்பட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். “அச்சிலை வாத்தது. ரண்டு பாதியும் பொருந்தின இடம் உது.” யாருக்குச் சொல்கிறார் என்று கேட்காதீர்கள். ஆள் இல்லாவிட்டால் கட்டி நிற்கிற ஆட்டுக்குச் சொல்வார்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். சண்டையால் கடலில் இறங்கத் தடை வந்ததும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, சைக்கிளில் இரண்டு சாக்கைக் கட்டிக்கொண்டு வெறும் போத்தல் வாங்கி விற்கப் புறப்பட்டவர். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் அவருடைய குரலுக்கு நாய்கூட எழும்பாது, அவ்வளவு பழக்கம். போத்தல் வயிற்றுப்பாட்டுக்கு. பறவை பொறித்த பழைய அச்சுக் கிளாஸ் கிடைத்தால் அது அவருக்கு. விற்கமாட்டார், யார் கேட்டாலும் மாட்டார். பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டும்.

வீட்டில் மயில், கிளி, அன்னம், பெயர் தெரியாத வால் நீண்டது என்று பதினொன்று இருக்கின்றன. குண்டு போடுகிற ஹெலி இரையும்போது மனைவி கத்தரீனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதுங்குகுழிப் பங்கருக்கு ஓட, இவர் கிளாசுகளைப் பழைய வலையில் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடுவார். “மீன் பிடிச்ச மனிசன், இப்ப குருவியெல்லோ பிடிக்குது!” என்பாள் கத்தரீனா, பங்கருக்குள் இருந்தபடியே.

பள்ளிக்கூடத்தில் படித்த அறிவில்லை, விரல் படித்த அறிவு. உள்ளே வழவழப்பாக, வெளியே பறவை புடைத்து நின்றால் அச்சு. கோடுகள் கையை வெட்டுமாப்போல் கூராக இருந்தால் கையால் செதுக்கியது. அடியில் நுண்ணிய கீறல்கள் கிடந்தால் பல மேசை கண்டது. தண்ணீர் குடிக்கிற கிளாசில் இருக்கிற பறவையையும் விடமாட்டார். “பண்ணைக் கடலிலை இப்பிடி ஒரு கொக்கு நிக்காது. கொண்டையைப் பார். உது வெள்ளைக்காரன்ரை ஊர்க் கொக்கு.”

அலுமாரிகளில் தேடிக் கண்டுபிடித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அலுமாரி இருக்கிற அறைக்குள் அவரை யார் விட்டார்கள்? அவரைப்போல வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தோட்டம் துரவுள்ள உயர்சாதி வீடுகளில் ஒரு கிளாஸ் தனியாக வெளியே இருக்கும். விளிம்பு சிதைந்தது, சோடி உடைந்தது, அப்படியானதுதான் வெளியே வரும். வருடக்கணக்காக வெயிலில் கிடக்கும். பழங்காலக் கண்ணாடியில் சிலவற்றுக்கு அந்த வெயில் மெல்லிய கத்தரிப்பூ நிறம் ஊட்டிவிடும். இப்போதைய கண்ணாடிக்கு எத்தனை வெயில் காய்ந்தாலும் அந்த நிறம் வராது.

உரும்பிராய்ப் பராசக்தி வீட்டு முற்றத்துத் தென்னங்குற்றியில் கவிழ்ந்திருந்தது அப்படி ஒரு கொக்கு. மாமனார் மலாயாவிலிருந்து கொண்டுவந்த ஆறில் மிஞ்சியது. விளிம்பில் நெல்லளவு சிதைவு. பராசக்தி அதில் நீர் நிறைத்துக் குற்றியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பார். பிறகுதான் சந்தியோகு எடுப்பார். ஐந்து வருடமாக இப்படித்தான். பதினொன்று இருந்தும் கொக்கு இல்லையே என்பது அவருக்குப் பெரும் குறை. ஒருமுறை வாய்விட்டுக் கேட்டே விட்டார்.

“அம்மா, உந்தக் கிளாசைத் தாங்கோ. ரண்டு புதுக் கிளாஸ் கொண்டந்து தாறன்.”

“விசரே உனக்கு? அதைக் குடுத்தால் உனக்குத் தண்ணி எதிலை தாறது?”

போன மாதம் அவர் போனபோது, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து நின்ற குணலட்சுமி, பராசக்தியின் மச்சாள், அந்தக் கிளாசைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மச்சாள் உந்த உடைஞ்ச கிளாசை வைச்சிருக்கிறியள்? நான் வேறை வாங்கித் தாறன். இவர் கொண்டு போகட்டும்.” பிறகு சந்தியோகுவைப் பார்த்தார். “உங்களுக்குத்தானே உது தெரியுமாம். பழசோ, சும்மா குப்பையோ?”

குப்பை என்று ஒரு சொல் போதும், கொக்கு அவருடைய சாக்குக்குள். சந்தியோகு தலைத்துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

“குப்பையில்லை அம்மா. என்ரை அப்பு பிறக்க முந்தி வாத்த கிளாஸ். நிறத்தைப் பாருங்கோ. உள்ளுக்கை வைச்சிருந்தால் உந்த நிறம் வந்திராது.”

பராசக்தி கிளாசைப் பறிக்காத குறையாக வாங்கினார். “எங்கடை மாமா கொண்டந்ததெல்லோ! அப்ப உது ஷோகேசுக்கைதான் இருக்க வேணும்.”

“இருக்கட்டும் அம்மா,” என்றார் சந்தியோகு. “வெயிலுக்கை வந்தனான். கடைசியா ஒருக்கால் அதிலை தண்ணி தாங்கோ.”

பராசக்தி நீர் நிறைத்துக்கொண்டு வந்து குற்றியடியில் குனிந்தார். குற்றியின் தலை ஒரு பக்கம் உக்கிச் சரிந்திருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டதுபோல, கிளாசை வைக்காமல் நின்றார். பிறகு நிமிர்ந்து, கிளாசைச் சந்தியோகுவின் கையிலேயே கொடுத்தார்.

“விழுத்திப்போடாதை.”

சந்தியோகு அவசரப்படாமல் குடித்தார். குடித்து முடிகிறவரைக்கும் பராசக்தி பின்னால் போகவில்லை. அவருடைய கைக்குக் கீழே, தன் இரண்டு கைகளையும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.