கொலுசைத் தின்ற தண்ணீர்

ஆறப் பொறுக்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. என் மாமா ஆக்கவே பொறுக்காதவர். அம்மாவுக்கு ஒரே தம்பி. மலேசியாவில் பந்திங் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வயிற்றில் அறுவை முடிந்து அம்மா எங்கள் கிள்ளான் வீட்டில் படுத்திருந்தபோது, ஒரு நாள் லோரி பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளித் தண்ணீர் குடித்தால் அக்கா எழுந்துவிடுவாள் என்று கைப்பேசியில் யாரோ சொன்னார்களாம்.

அதற்கு இரண்டு வெள்ளிக் கம்பிகள் வேண்டும். மாமா என் கால்களைப் பார்த்தார். பள்ளிக்குப் போட்டுப் போக முடியாத கொலுசுதானே என்று நானும் கழற்றிக் கொடுத்தேன்.

கண்ணாடிச் சாடியில் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை நிரப்பி, ஒரு கொலுசைப் பிளஸ் முனையிலும் மற்றதை மைனஸ் முனையிலும் மாட்டித் தொங்கவிட்டார். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத துகளாக இறங்கும் என்றார். சாடியில் மூக்கு ஒட்ட இருவரும் உட்கார்ந்திருந்தோம். சுத்தத் தண்ணீரில் மின்சாரம் சோம்பேறியாகத்தான் நடக்கும். மாமா எழுந்துபோய் ஒரு கை உப்பை அள்ளி வந்து போட்டார்.

பிறகென்ன, ஒரே அமர்க்களம். மைனஸ் கொலுசில் நுரை பொங்கியது. தண்ணீர் பாலாக வெளுத்தது. மாமா கைதட்ட, நான் குதித்தேன். வெள்ளியும் உப்பும் சேர்ந்ததுதான் அந்தப் பால் என்று வேதியியல் படித்தபோதுதான் தெரிந்தது. வெயில் பட்டதும் அது கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. எடுத்துப் பார்த்தால் ஒரு கொலுசில் கறுப்புப் பாசி. மற்றது எலி கடித்த கருவாடு மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் கொண்டுபோனோம். கொலுசைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், சிரிக்கத் தொடங்கினாள். தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாருகிட்டக்கா போவேன்?"

அம்மா சிரிப்பை நிறுத்தி அவர் தலையில் கை வைத்தாள். "நாளைக்கும் செஞ்சு கொண்டா. உப்பு மட்டும் போடாத லா."

அம்மா எழுந்து சமைக்கத் தொடங்கும்வரை மாமா தினமும் கொண்டுவந்தார். குவளையை அவள் கையில் கொடுத்த பிறகுதான் அவருக்கு முகம் தெளியும்; விசிலடித்துக்கொண்டே லோரியில் ஏறுவார். லோரி தெரு முனை திரும்பியதும் அம்மா தண்ணீரைச் சிங்க்கில் கொட்டிவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்வாள். குடிக்காத மருந்தை எதற்கு வாங்குகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுதுல்ல," என்றாள்.

கொட்டிய மருந்து எப்படி வேலை செய்யும் என்று வெகுநாள் சிங்க்கை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.