கழுகுக்கு வந்த கண் எரிச்சல்

கட்டட வேலை நடந்த இடத்தில் எல்லோரும் அவனைக் கழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர். அறுபது மீட்டர் உயரத்தில் டவர் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்து ஊரையே பார்ப்பவன், பள்ளிக்கூட நாளிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன். "கழுகுக்கே கண்ணாடியா?" என்று கம்பி கட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பதினோரு வருஷத்தில் அவன் தூக்கிய சுமை ஒன்றுகூட யார் மீதும் உரசியதில்லை. அதனால் சிரிப்பதில் கஷ்டம் இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கண்ணாடி அவனைப் படாத பாடு படுத்தியது. ஏணியில் ஏறும்போது வேர்வையில் மூக்கைவிட்டு வழுக்கும். மழை நாளில் ஆவி படியும். இரண்டு வருஷம் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தான். சாயங்காலமானால் கண்ணில் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் எரியும். அதையும் விட்டுவிட்டான். பிறகு மனைவியின் தம்பி லேசர் சிகிச்சை செய்துகொண்டு வந்து, "காலைல கண்ணைத் தொறந்ததும் சுவத்துக் கடிகாரம் தெரியுது மாமா" என்று பெருமையடித்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

சிகிச்சை மையத்தில் ஒரு பெண் கேள்வித்தாளைக் கொடுத்தாள். கண் உலர்ந்துபோவது, எரிச்சல், மணல் விழுந்ததுபோன்ற உறுத்தல் முன்பு இருந்ததுண்டா என்று ஒரு கேள்வி. அவனுக்கு முன்னால் போனவரை அப்போதுதான் "உங்களுக்கு இது ஒத்துவராது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மனைவி வண்டியை நிறுத்தப் போயிருந்தாள். கழுகு பேனாவை ஒரு நொடி அந்தரத்தில் வைத்திருந்தான். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். கண்ணைப் பரிசோதித்தும் பார்த்தார்கள். ஒரு வாரமாக விடுப்பில் இருந்ததாலோ என்னவோ, அன்றைக்குக் கண் சமத்தாக இருந்தது.

லேசர் செய்துகொண்ட முதல் பதினைந்து நாள் கொண்டாட்டம்தான். பேருந்துப் பலகையைத் தூரத்திலிருந்தே படித்து மனைவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கூண்டுக்குத் திரும்பிய பிறகுதான் வினை பிடித்தது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கும். கொக்கியின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நிமிஷக்கணக்கில் பார்ப்பதுதான் அவன் வேலை. மத்தியானத்துக்குள் கண்ணில் சல்லி விழுந்ததுபோல் அறுக்கும். பார்வை தெளிவாக இருக்கும், திடீரென்று கலங்கும். சிமிட்டினால் திரும்ப வரும். காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் பிரிக்கும்போது தோல் உரிவதுபோல் இருக்கும்.

அவன் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். சொட்டு மருந்தை அவள்தான் வாங்கி வந்தாள்.

"மாசத்துக்கு ஒரு பாட்டில்னுதானே எழுதியிருக்கு? இந்த மாசத்துல இது நாலாவது," என்றாள் ஒரு நாள்.

"தூசி ஜாஸ்தி."

"தூசி முன்னாடியும்தானே இருந்துச்சு?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். லேசர் செய்த மையத்துக்கே இரண்டு முறை போய்க் காட்டினான். "சில மாசம் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க" என்றார்கள். மூன்றாம் முறை போனபோது அவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் கண்ணைக் கெடுத்துவிட்டீர்கள் என்று வரவேற்பு மேஜையைத் தட்டினான். அதே பெண் எழுந்து உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். சத்தம் போடாமல் அவன் முன்னால் வைத்தாள். அவன் கையால் அடித்த டிக். அவன் கையெழுத்து. காத்திருந்தவர்கள் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கழுகு வெளியே வந்து, எந்தப் பக்கம் வீடு என்று தெரியாதவன்போல் தெருவோரத்தில் வெகுநேரம் நின்றான்.

நான்காம் மாதம் ஒரு மத்தியானம், பதினெட்டாவது மாடித் தளத்துக்குக் கம்பிக்கட்டு இறக்க வேண்டியிருந்தது. வறண்ட காற்று. தளத்தில் நான்கு பேர் காத்து நின்றார்கள். கம்பிக்கட்டு அவர்கள் தலைக்கு மேல் வந்த நேரத்தில் கழுகுக்குப் பார்வை கலங்கியது. சிமிட்டினான். தெளியவில்லை. மறுபடி சிமிட்டினான். நான்கு பேர் எட்டுப் பேராகித் தண்ணீருக்குள் நிற்பதுபோல் அசைந்தார்கள். சட்டைப் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அமுக்கினான். காற்றுதான் வந்தது. கிரேனை இயக்கும் கைப்பிடியை விட்டான். சுமை அந்தரத்தில் நின்றது.

தளத்து ஓரத்தில் நின்று கை காட்டும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் கேட்டார்: "தம்பி, ஏன் நிறுத்திட்டீங்க?"

"அண்ணே... எனக்குத் தெரியலை."

"என்ன தெரியலை?"

"ஒண்ணுமே சரியாத் தெரியலைண்ணே."

அவர் தளத்தில் இருந்தவர்களை விலகச் சொல்லும் சத்தம் வாக்கிடாக்கியில் கேட்டது. பிறகு அவர் குரல் மாறாமல் சொன்னார்: "சரி. ஆளுங்களை ஒதுக்கிட்டேன். நீங்க பார்க்க வேணாம். நான் சொல்றதை மட்டும் செய்ங்க. வலப்பக்கம் மெதுவா. இன்னும். நிறுத்துங்க. இப்போ இறக்குங்க... இறக்குங்க... அவ்வளவுதான்."

கம்பிக்கட்டு தளத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் கழுகு கிரேனை அணைத்தான். ஏணியில் ஒவ்வொரு படியாகத் தடவி இறங்க அரைமணி நேரம் பிடித்தது. சிக்னல்காரர் ஏணியடியில் காத்திருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசமாண்ணே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கால்ல வேணும்னாலும் விழுறேன். எனக்கு இதைவிட்டா வேற வேலை தெரியாது."

"கால்ல எல்லாம் விழ வேணாம்," என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது. "அந்த நாலு பேரும் மேல யாரு உட்கார்ந்திருக்கான்னு நிமிர்ந்துகூடப் பார்க்கலை. நம்ம கழுகுதானேன்னு அவங்கபாட்டுக்கு வேலை செஞ்சாங்க. இன்ஜினியர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவனே போய்ச் சொன்னான். அன்றே அவனைக் கிரேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வேலை போன கதையை மட்டும் சொன்னான். டிக் அடித்த கதையைச் சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டாமல், தனக்குத் தெரிந்த வேறொரு கண் மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனாள். மருத்துவர் அம்மாள் கீழிமையில் சின்னக் காகிதப் பட்டையைச் சொருகி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி இருக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தபோது பட்டையின் நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"லேசர் பண்றப்ப கருவிழியில இருக்கிற மெல்லிசான நரம்பெல்லாம் அறுபடும். கண்ணு காயுதுன்னு மூளைக்குச் சேதி போகாது. அதனால கண்ணீரும் குறையும், சிமிட்டறதும் குறையும். நிறையப் பேருக்கு ஆறு மாசம், ஒரு வருஷத்துல நரம்பு வளர்ந்து சரியாயிடும். முன்னாடியே உலர்ந்த கண்ணா இருந்தாத்தான் சிக்கல். உங்களுக்கு முன்னாடி ஏதாவது இருந்துச்சா?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இருந்துச்சு மேடம். லென்ஸ் போட்டப்பவே. ஃபாரத்துல இல்லைன்னு எழுதிட்டேன்."

மருத்துவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். மனைவி தரையைப் பார்த்தாள். வெளியே வந்து படியிறங்கியதும் கேட்டாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வேணாம்னு தடுத்திருப்பே."

"தடுத்திருப்பேன். அதுக்குத்தானே பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கேன்."

அவன் நடைபாதைச் சுவரில் சாய்ந்துவிட்டான். "எனக்குப் பயமா இருக்கு," என்றான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கோபம் அப்படியே இருக்க, அவன் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள்.

கண்ணீர் கண்ணிலேயே தங்கட்டும் என்று, அது வடிந்து போகும் துளையில் சின்ன அடைப்பு வைத்தார்கள். படுக்கும்போது களிம்பு. வெளியே போனால் பக்கமெல்லாம் மூடிய கண்ணாடி, முன்பு போட்டதைவிடத் தடியானது. ஒரு வருஷம் கழித்து இமை ஒட்டுவது நின்றது. எரிச்சல் பாதியாகக் குறைந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. கிரேன் ஓட்டத் தகுதிச் சோதனைக்கு இரண்டு முறை போனான். முதல் சில நொடி எல்லா எழுத்துகளும் தெரிந்தன. பிறகு ஒன்றோடொன்று கரைந்தன. இரண்டு முறையும் தோற்றான்.

இப்போது அவன் சாமான் கிடங்கில் இருக்கிறான். எந்தக் கம்பி எந்த மாடிக்கு என்று சீட்டு எழுதிக் கட்டுவது வேலை. மணிக்கு ஒரு தரம் எழுதுவதை நிறுத்தி, தலையை அண்ணாந்து கண்ணில் சொட்டு விடுகிறான். அந்த ஒரு நிமிஷம் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்வதில்லை.