த்வாண்டேயில் இருந்த எங்கள் சென்டர்

இறுதிப் போட்டியை முன்னால் இழுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எங்கள் சென்டர், வளையத்துக்கடியில் நின்று ஆடும் செல்வம், த்வாண்டே ஊர்ப் புத்த மடத்தில் மொட்டைத் தலையும் காவியுமாக இருந்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாங்கோனில் ஒரு பிளைவுட் கம்பெனி நடத்திய பாஸ்கெட்பால் டீமுக்கு நான் மேனேஜர். பெரிதாக நினைக்க வேண்டாம். ஜெர்சியைத் துவைக்கப் போடுவது முதல் ரெஃப்ரியோடு சண்டை போடுவது வரை எல்லாம் நான்தான்.

செல்வத்தின் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர். அம்மா இறந்ததும், மழைக்காலம் முடியும்வரை துறவியாக இருந்து அந்தப் புண்ணியத்தை அவருக்குச் சேர்ப்பதாக நேர்ந்துகொண்டான். இங்கே ஆண்பிள்ளைகள் செய்வதுதான். இறுதிப் போட்டி மழைக்குப் பிறகுதானே என்று முதலாளியும் லீவு கொடுத்தார். பிறகு அரங்கம் வேறு நிகழ்ச்சிக்கு வேண்டுமென்று தேதியை மாற்றிவிட்டார்கள்.

முதலாளி ஊ தூன் பர்மாக்காரர்; யாங்கோனின் பசுந்தாங் பேட்டையில் எங்கள் தமிழ் ஆட்களோடு வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், அதைவிட நன்றாகத் திட்டுவார்.

"ராஜு, இந்த வருஷம் கப்பு வரலேன்னா டீம மூடிருவேன். போய் அவனக் கூட்டியா. ஆட்டம் முடிஞ்சதும் திரும்பக் காவி கட்டிக்கட்டும்."

டீமை மூடினால் பையன்கள் எல்லோருக்கும் சம்பளமும் அரிசியும் போய்விடும். படகேறி, லைன் கார் என்கிற வாடகை வண்டியில் தொங்கிக்கொண்டு த்வாண்டே போனேன். வழி நெடுக, பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன்.

செல்வம் பாயில் உட்கார்ந்திருந்தான். துறவியின் முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட வேண்டும். வயது, உறவு எதுவும் கணக்கில்லை. ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டதற்காக நான் காதைத் திருகிய பையன். விழுந்து கும்பிட்டேன். எழுந்து, தரையில் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

"என்ன விஷயமா வந்தீங்க, தகா?" என்றான். அண்ணே என்று அழைக்கிறவன், துறவிகள் நம்மை அழைக்கும் முறையில் அழைத்தான்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், ஊசின்." துறவியை நாம் அப்படித்தான் அழைப்போம். வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

முதலாளி குதித்தார். "கேக்கவே இல்லியா? ஒனக்கெல்லாம் எதுக்கு மேனேஜர் வேல?" மறுநாள் அவரே கிளம்பிப் போனார். மாலையில் தனியாகத் திரும்பினார்.

"என்ன சொன்னாரு, சயா?" என்றேன். முதலாளியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"நா எங்க கேட்டேன்? கும்புட்டேன், சோறு குடுத்தேன், வந்துட்டேன்."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செல்வம் இல்லாமல் ஆடினோம். வளையத்தில் பட்டுத் தெறித்த ரீபவுண்ட் எதுவும் எங்கள் கைக்கு வரவில்லை, தோற்றோம். டீம் அவ்வளவுதான் என்று பையன்கள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், "திங்கக்கெழம பிராக்டிஸ். லேட்டா வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கு நான் இன்றும் நன்றிக்கடன்பட்டவன்.

மழை முடிந்து செல்வம் காவியைக் களைந்து வந்தான். பிராக்டிஸ் முடிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்களும் சயாவும் எதுக்கு வந்தீங்கன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டா பேசாம இருந்த?"

"நீங்க கேட்டிருந்தா வந்திருப்பேன்ணே. ஒங்க சோத்தத் தின்னவன், முடியாதுன்னு சொல்ல வாய் வராது. கேட்டுருவீங்களோன்னு பயந்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அம்மாவுக்கு முழுசா முடிச்சிட்டேன்."

டீம் நடத்த வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: முடியாது என்று சொல்ல இயலாதவனிடம் எதையும் கேட்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். நான் யோசித்தெல்லாம் செய்யவில்லை. கும்பிட்டதில் வாய் அடைத்துப் போனது, அவ்வளவுதான். அதனால் ஒரு கப்பு போனது. ஒரு பிள்ளை தன் தாய்க்குச் செய்ய நினைத்ததைச் செய்து முடித்தான்.