ஹாஜரா என்னும் பெயரின் பொருள்

தொண்ணூற்றேழாம் ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு முற்பகல். தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் என் மகன் யூசுப் வெளிறிக் கிடந்தான். வயது ஒன்பது. கிட்வாய் நகர்க் குடியிருப்பின் மாடிப்படியில் உருண்டு விழுந்தவன். இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வயிற்றுக்குள் குருதிக்கசிவு கூடிவிட்டது. உடனே அறுவை செய்தாக வேண்டும், ஓ நெகட்டிவ் குருதி ஒரு பாட்டிலாவது கையில் இல்லாமல் கத்தி வைக்க இயலாது என்றார் மருத்துவர். அது அரிய வகை. எனக்கும் அவ்வகையன்று, என் மனைவிக்கும் அன்று.

என் மனைவியின் பெயர் ஹாஜரா. கீழக்கரையில் பிறந்தவள். நான் மொழிபெயர்ப்பு அலுவலன். அரபுப் பெயர்களின் வேரை ஆராய்வது என் நெடுநாள் ஈடுபாடு. அவள் பெயரைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். பிரிந்து செல்லுதல் என்னும் பொருளுடைய ஹிஜ்ரத்தோடு அப்பெயரை இணைப்போர் உண்டு. அரபுக்கு அயலான பழஞ்சொல் என்போரும் உண்டு. இரு தரப்பையும் எடைபோட்டு நான்கு பக்கம் எழுதினேன்.

மருத்துவமனையின் குருதி வங்கி வாயிலருகே இருந்தது. சாலைக்கு அப்பால் தனியார் வங்கி ஒன்று. இரண்டுக்கும் இடையே ஹாஜரா ஓடினாள். இந்தி நன்கறிந்த நான்தான் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை. கட்டிலருகே அமர்ந்து, "யா அல்லாஹ், என் பிள்ளையை எடுத்துக்கொள்ளாதே" என்று இறைஞ்சினேன். வேறு சொல் வரவில்லை. கற்ற மொழிகளெல்லாம் கைவிட்டன.

"இங்க இல்லையாம், அங்க போவச் சொல்றாங்க," என்று ஒருமுறை கட்டிலருகே வந்து சொன்னாள். அடுத்த முறை, "அங்கயும் இல்லை, நாளைக்கு வரச் சொல்றாங்க." அதற்கடுத்த முறை என்னைப் பார்த்து வெடித்தாள்.

"என் பேருக்கு நாலு பக்கம் எழுதத் தெரிஞ்சுச்சுல்ல மச்சான்? எந்திரிச்சு யார்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையே!"

மீண்டும் ஓடினாள். கடைசியில் மூச்சிரைக்க வந்து, கட்டிலின் கால்மாட்டில் சரிந்தாள். "ஓ நெகட்டிவ் கஹீ நஹி மிலா." எங்குமே கிடைக்கவில்லை என்று, யாரிடம் என்றில்லாமல், இந்தியில் அரற்றினாள்.

அந்தக் கால்மாட்டில், தரையில், ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். தரம்வீர் என்னும் ஹரியாணாக்காரர். பக்கத்துக் கட்டிலில் கிடந்த முதியவரின் மகன். இரண்டு நாளாக அங்கேயே இருந்தவர். அவருடைய பீடி நாற்றமும் உரத்த பேச்சும் பொறுக்காமல் நான் முதுகைக் காட்டியே அமர்ந்திருந்தேன். பெயர்கூட அதன்பிறகுதான் அறிந்தேன்.

ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அரே பெஹன்ஜி, பெஹ்லே க்யோ நஹி போலா? மேரா வஹீ ஹை!" தன்னுடையதும் அதே வகைதான், முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். படையில் இருந்தபோது சோதித்துச் சொன்னார்களாம். சட்டைக் கையை மடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாய்சாப் தோ போல்தே ஹீ நஹி." ஐயா வாயே திறப்பதில்லை என்று.

அவர் தந்த குருதியோடு அறுவை நடந்தது. மாலையில் யூசுப் கண் திறந்தான். "உம்மா, தண்ணி," என்றான்.

தண்ணீர் என்னும் அச்சொல், அப்பெயரை முதலில் தாங்கியவரை நினைவூட்டியது. நீரற்ற பாலைப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தையோடு விடப்பட்டவர், நபி ஒருவரின் துணைவியான அன்னை ஹாஜரா. நீர் தேடி, ஸஃபா மர்வா என்னும் இரு குன்றுகளுக்கிடையே ஏழு முறை ஓடினார். இரு குன்றிலும் நீர் இல்லை. விட்டுவந்த குழந்தையின் அருகிலேயே அது பொங்கியது. ஸம்ஸம் என்னும் அவ்வூற்று இன்றும் வற்றவில்லை. அரசரும் அறிஞரும் புனிதப் பயணத்தில் அந்தப் பெண்ணின் அடிச்சுவட்டிலேயே நடக்கின்றனர். இவ்வளவும் நான் அறிவேன். மேடையேறிச் சொல்லியும் இருக்கிறேன். என் மகனின் கால்மாட்டில் ஊற்று இரண்டு நாளாகக் காத்திருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊற்றைத் தரும்படி இறைவனிடம் அழுதுகொண்டிருந்தேன்! அவனோ, நான் திரும்பிப் பார்க்குமுன்பே தந்துவிட்டிருந்தான்.

என் ஹாஜராவும் ஏழு முறை ஓடினாள் என்று எழுதினால் அழகாயிருக்கும். நான் எண்ணவில்லை, ஆகவே எழுதமாட்டேன்.

அந்நாள் முதல் எங்கே அமர்ந்தாலும் அருகிலிருப்பவரின் பெயரை முதலில் கேட்டறிகிறேன். அன்பிற்குரியோரே, இறைஞ்சுங்கள். இறைஞ்சியபடியே எழுந்து ஓடுங்கள். ஓடிய இடத்தில்தான் தர வேண்டும் என்று மட்டும் இறைவனுக்கு வழி சொல்லாதீர்கள்.