தின்று இளைத்த செவலை

எங்கள் வீட்டுச் செவலைப் பசு சாகிற நாள்வரைக்கும் நன்றாகத் தின்றது. அதுதான் அத்தைக்கு வினையாகப் போயிற்று.

அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல், பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று மாட்டு வேலை மொத்தத்தையும் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சந்தையில் வாங்கி வந்த செவலை அவள் கையில்தான் இரண்டு ஈத்து ஈன்றது.

இரண்டாவது கன்றுக்குப் பிறகு அது இளைக்கத் தொடங்கியது. சாணம் தண்ணீராகப் போனது. கரும்புக் கொழுந்தாடை தின்ற கழிச்சல் என்று பூச்சிமருந்து ஊற்றினார்கள். ஆனாலும் தீனியில் மட்டும் குறைவில்லை, தொட்டியை நக்கித் துடைத்துவிடும். எங்கள் பக்கத்தில் மாட்டின் விலா எலும்பு தெரிந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது தீனி வைக்கிறவளின் கையைத்தான்.

பால்காரர் ஒருநாள் கேனை இறக்கி வைத்துவிட்டு, "ஏனுங்கம்மணி, மாட்டுக்கு வெக்கறத ஆளு திங்கறாப்பல இருக்குதே" என்று சிரித்தார்.

"தின்னிருந்தா நானாச்சும் தடிச்சிருப்பனுங்க" என்றாள் அத்தை. அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அப்பா சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் அப்பா சூடம் ஏற்றினார்.

"அணைச்சுச் சொல்லு புள்ள. மாட்டுப் பருத்திக்கொட்டைல கை வெச்சயா?"

"ஏனுங்ணா, எம்மேல நம்பிக்கை இல்லைங்களா?"

"நம்பறதுக்குத்தான் கேக்கறேன்."

அத்தை எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அறைந்து அணைத்தாள். சாமிமேல் சத்தியம் என்று சொல்லியிருந்தால் போதும். அவளோ செவலைமேல் சத்தியம் என்றாள். அதைவிடப் பெரிதாக அவளுக்கு என்ன இருந்தது!

செவலை மேலும் இளைத்தது. தாடைக்குக் கீழே வீங்கியது. "பொய்ச்சத்தியம் வாயில்லாச் சீவனக் கொல்லுது" என்று அம்மா அத்தையின் காதில் விழும்படியே சொன்னாள். அந்த வாரமே அத்தை நூல் மில் ஒன்றின் விடுதிக்குக் கிளம்பினாள். வேனில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "சாமி, செவலைக்குச் சோளத்தட்டு நறுக்கிப் போடு. அதுக்குப் பசி தாங்காது" என்றாள்.

பிறகு அப்பாவே தீனி வைத்தார். அதையும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுத்தான் செவலை செத்தது.

இன்சூரன்சுக்காகக் கால்நடை டாக்டர் வந்து காட்டோரத்தில் வயிற்றைத் திறந்தார். இரைப்பை நிறையச் சோளத்தட்டு. குடலை எடுத்து அப்பாவிடம் காட்டினார். உள்பக்கம் தடித்து, நனைந்த சாக்கை நெருக்கி மடித்ததுபோல் இருந்தது.

"தீனில குறையே இல்லைங்க. எவ்வளவு கொட்டினாலும் இந்தக் குடல் சத்த எடுத்துக்காது. கன்னுக்குட்டியா இருக்கறப்பவே தொத்துன சீக்கு. நீங்க வாங்கறப்பவே இதுக்குள்ள இருந்திருக்கும்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். பல வருஷம் கழித்து அங்கே விலங்கியல் வகுப்பில் சிறுகுடலின் படம் வரைந்தேன். பித்தநீரும் கணையநீரும் குடல்நீரும் சேர்ந்து தீனியைக் கரைக்கின்றன. குடலின் உட்சுவரில் தேங்காய்ப்பூத் துண்டின் நூல்கள்போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் அந்தச் சத்தை இரத்தத்தில் சேர்க்கின்றன. அவை கெட்டுப்போனால் நிறைந்த தொட்டிக்கு முன்னாலேயே மாடு பட்டினி கிடக்கும். பாகங்களுக்குப் பெயர் எழுதும்போது அத்தையின் கருகிய உள்ளங்கைதான் கண்ணில் நின்றது.

ஆனால் அன்று காட்டோரத்தில் எனக்குத் துக்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம். டாக்டரே சொல்லிவிட்டாரே! "அப்பா, அத்தைய நாளைக்கே கூட்டியாந்தரலாமுங்களா?" என்று கேட்டேன். மாட்டைத் தொடாத கையை அப்பா சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேயிருந்தார். குழியை மூடி, அதன்மேல் ஒரு தென்னம்பிள்ளை நட்டார்கள்.

அடுத்த பொங்கலுக்கு அத்தை வருவாள் என்று பார்த்தேன். அதற்கடுத்த பொங்கலுக்கும் பார்த்தேன். குற்றமில்லை என்று ஆகிவிட்ட பிறகும் ஏன் அழைக்கவில்லை என்று விளங்கவேயில்லை. அத்தை உண்மையிலேயே திருடியிருந்தால் அப்பா என்றைக்காவது மன்னித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருப்பார் என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?